கீறாத நார்த்தங்காய்

விருத்தகிரிக்குத் தன் கை மேல் இருந்த நம்பிக்கை, ஊரில் பாதிப் பேருக்குச் சாமி மேல் இருக்கும் நம்பிக்கையைவிட ஒரு படி கூடுதல்தான். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு செராமிக் கம்பெனியில் இருபத்தைந்து வருஷ வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈரச் சாமான்களைக் காய வைப்பதும், காய்ந்தவற்றைச் சூளையில் அடுக்குவதும் அவர் பொறுப்பு. ஒரு பொம்மையைக் கையில் எடுத்து விரலால் சுண்டுவார். சத்தத்தை வைத்தே உள்ளே ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். தப்பாகச் சொன்னால் அந்தப் பொம்மை சூளைக்குள் வெடித்துப் பக்கத்திலிருக்கும் பத்தையும் நாசமாக்கும். அப்படி ஒரு தடவை நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அந்தப் பழியைக்கூட அவர் உடன் வேலை செய்யும் சாமிதுரை தலையில்தான் கட்டுவார்.

இப்படிப்பட்ட மனுஷர் ஊறுகாய் போட உட்கார்ந்தால் யார் பேச்சைக் கேட்பார்?

ஊறுகாய் போடும் வேலை அவருக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் மனைவி பிரபா மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். போய் ஆறு வருஷம். மகள் வெண்பா சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வருஷத்துக்கு ஒரு முறை பதினைந்து நாள் லீவில் பிரபா வருவாள். வீடு வீடாக இருக்கும். பிறகு போய்விடுவாள். போன வருஷம் கடையில் வாங்கிய எண்ணெய் ஊறுகாயை எடுத்துக்கொண்டு போனாள். அது பெட்டிக்குள் உடைத்துக்கொண்டு யூனிஃபார்ம் எல்லாம் எண்ணெய்க் கறை. அதற்குப் பிறகு ஒருநாள் வீடியோ காலில் அவள் சாப்பிடுவதைப் பார்த்தார். தட்டில் தயிர்ச்சோறு, பக்கத்தில் ஒரு பாக்கெட் சிப்ஸ்.

"என்னா புள்ள, தயிர் சோத்துக்குச் சிப்ஸா?"

"வேற என்னா இருக்குது இங்க? டூட்டி முடிஞ்சி வந்தா வாய்க்கு ஒண்ணுமே புடிக்க மாட்டேங்குது. உப்பு நார்த்தங்கா ஒரு துண்டு இருந்தா போதுங்க, சோறு தானா எறங்கும்."

விருத்தகிரிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்னொன்றும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் புது ஒப்பந்தம் போடப் போகிறார்கள். ரெண்டு வருஷம், நடுவில் லீவே கிடையாது. வரப்போகிற லீவு முடிவதற்குள் பிரபா சம்மதம் சொல்ல வேண்டும். போகாதே என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவளுக்கு அந்த வேலை மேல் அத்தனை பெருமை. அந்தப் பெருமையைப் பார்த்துத்தான் இவருக்கு அவளை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பிடித்தது. தடுக்கிற புருஷன் என்று பேர் வாங்குவதைவிடச் சும்மா இருந்துவிடலாம் என்று இருந்தார். ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. கடைசியில் வாயைத் திறந்து சொன்னது இதுதான்:

"நீ வர்றதுக்குள்ள உப்பு நார்த்தங்கா போட்டு வச்சிருக்கேன். ரெண்டு வருஷத்துக்கு. மாசத்துக்கு ஒரு காய், மொத்தம் இருவத்து நாலு. எடுத்துக்கினு போ."

வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய நார்த்தை மரமே இருந்தது. இருபத்து நாலு காயைப் பறித்துக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, தான் கம்பெனியில் செய்து எடுத்து வந்த பெரிய வெள்ளை ஜாடியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அடுத்த தெருவிலிருக்கும் அக்கா ஆதிலட்சுமி வந்து நின்றாள்.

"டேய் கிரி, சுருள் சுருளா வெட்டணும்டா. மேல புடிச்சி அடி வரைக்கும் சுத்திக்கினே வரணும். உள்ளார உப்ப அடைக்கணும்."

"கீறச் சொல்றியா?"

"கீறாம? முழுசாவா போடுவாங்க?"

விருத்தகிரி சிரித்தார். காரணம் இருந்தது. அவர் தொழிலில் கீறல் என்றால் கழிவு. மயிரிழைக் கீறல் இருந்தாலும் அந்தச் சாமானைத் தூக்கி உடைசல் குவியலில் போடுவதுதான் அவர் வேலை. கீறலைத் தேடித் தேடியே கண் தேய்ந்துபோனவர், நல்ல காயைத் தானே கத்தியால் கீறுவதா? அதோடு, கனமான சாமானை அவசரப்படுத்தக் கூடாது என்பது சூளைக்காரனின் முதல் பாடம். ஈரச் சாக்கைப் போட்டு மூடி, நிழலில் வைத்து, நாள் கணக்கில் ஈரத்தை மெல்ல மெல்ல வெளியே விட வேண்டும். அவசரப்பட்டால் மேல்பக்கம் காய்ந்து இறுகும், உள்பக்கம் ஈரமாக நிற்கும், வெடிக்கும். மண்ணுக்குச் சரியானது காய்க்குச் சரிப்படாதா என்ன?

"அக்கா, ஈரத்த எடுக்கிறது எப்படின்னு எனக்குச் சொல்லித் தராத. எனக்கு அதான் பொழப்பு. இருவத்தோரு நாள் முழுசா உப்புல கெடக்கட்டும். நிதானமா எறங்கும்."

"கெடக்கட்டும். அப்பறம் என்னக் கூப்புடாத," என்று ஆதிலட்சுமி போய்விட்டாள்.

ஒரு வரிசை காய், ஒரு வரிசை கல்லுப்பு, மறுபடியும் காய், மறுபடியும் உப்பு. வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி நிழலான மூலையில் வைத்தார். அதற்குப் பிறகு ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. சூளையை நடுவில் திறந்து பார்ப்பவன் வேலை தெரியாதவன் என்பது அவர் கருத்து.

பங்குனி பிறந்து பிரபா வந்தாள். வந்த அன்றைக்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆதிலட்சுமியையும் வரச் சொன்னார் விருத்தகிரி. ஜெயித்துக் காட்ட வேண்டாமா? வாழையிலையில் தயிர்ச்சோறு போட்டு, ஜாடியை நடுவீட்டுக்குத் தூக்கிவந்து வைத்து, கட்டியிருந்த துணியை அவிழ்த்தார்.

வாசனை முதலில் வந்தது. நல்ல வாசனை இல்லை.

மேல் வரிசைக் காய்களில் பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சை. உப்பு அப்படியே கல் கல்லாகக் கிடந்தது, கரையக்கூட இல்லை. ஜாடியின் அடியில் ஒரு கரண்டித் தண்ணீர். விருத்தகிரி அசரவில்லை. அடியில் கை விட்டு நல்லதாக ஒன்றை எடுத்து நறுக்கினார். தோல் கொஞ்சம் மங்கியிருந்தது. உள்ளே நேற்றுப் பறித்த காய் மாதிரி வெளேரென்று சதை, தளதளவென்று சுளை. உப்பு உள்ளே எட்டியே பார்க்கவில்லை. அதற்கடுத்த காய் உள்ளுக்குள்ளேயே அழுகியிருந்தது.

ஆதிலட்சுமி அந்தக் காயைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தன் இலைக்குத் திரும்பினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் பரவாயில்லை என்று விருத்தகிரிக்கு இருந்தது. பிரபா மட்டும் சோற்றைப் பிசைந்தபடி, "பரவால்லீங்க. அங்க சிப்ஸு நல்லாத்தான் இருக்குது," என்றாள். அவள் கிண்டலாகச் சொன்னாளா, ஆறுதலாகச் சொன்னாளா என்று அவருக்குப் புரியவில்லை. எப்படிச் சொல்லியிருந்தாலும் வலித்திருக்கும்.

மறுநாள் கம்பெனியில் சாமிதுரை பிள்ளையார் பொம்மைக்கு அச்சு ஊற்றிக்கொண்டிருந்தான். அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு, ஓரத்தில் ஒட்டியது போக மீதியைக் கவிழ்த்து வெளியே கொட்டினான். தினம் நூறு தடவை நடப்பதுதான். இன்றைக்கு விருத்தகிரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்.

"சாமிதுர, பொம்மைய உள்ள ஏன்டா காலியா வுடுறோம்?"

"என்னாண்ணே, என்னக் கேக்கிறீங்க? கட்டியா இருந்தா நடுவுல இருக்கிற ஈரம் என்னைக்கு வெளிய வரும்? வெடிச்சிப்பூடும்."

அதைத்தானே இருபத்தைந்து வருஷமாக அவரே எல்லோருக்கும் சொல்லி வந்தார். நிதானம் என்பது பாதிப் பாடம்தான். மீதிப் பாதி இதுதான்: எந்தச் சாமானையும் கட்டியாகச் செய்யக் கூடாது. உள்ளிருக்கும் ஈரத்துக்கு வெளியே வரும் வழி ஒரு விரல் கனத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இருக்க வேண்டும். அவர் ஜாடியில் போட்டதோ இருபத்து நாலு கட்டிப் பொம்மைகள். அதுவும் தோல் முழுக்க மெழுகு பூசிய பொம்மைகள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்தும் கொண்டார், சாமிதுரை பயந்துவிட்டான்.

ஆனாலும் அக்கா சொன்னாள் என்பதற்காகச் சுருள் வெட்டுவதா? கண்ணால் பார்க்காமல் விருத்தகிரி எதையும் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. வீட்டு மரத்தில் இனிப் பறிக்கக் காயில்லை. சாயங்காலம் வேப்பூர் போகிற வழியிலிருக்கும் ஒரு தோட்டத்துக்கு வண்டியை விட்டு முப்பது காய் வாங்கினார். கம்பெனித் தராசைக் கேட்டு வாங்கிவந்து, சரியாக இருநூற்று நாற்பது கிராம் இருக்கும் காய்களாக நாலைப் பொறுக்கினார். ஒன்று முழுசு. ஒன்று நாலு துண்டு. ஒன்று சுருள். ஒன்றைக் கொத்தமல்லி நறுக்குவது போலப் பொடியாக நறுக்கினார். நாலு கிண்ணம்; ஒவ்வொன்றிலும் அளந்து அதே அளவு உப்பு. பிரபா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரில லேபு வச்சிருக்காங்க. அவங்ககூட இவ்ளோ சுத்தமா செய்ய மாட்டாங்க," என்றாள்.

"லேபுல கீறல் பாக்கத் தெரியுமா?" என்று இவரும் விடவில்லை.

விடிந்ததும் காபிகூடக் குடிக்காமல் கிண்ணங்களைப் பார்த்தார். முழுக்காய்க் கிண்ணத்தில் உப்பு கொஞ்சம் நனைந்திருந்தது, அவ்வளவுதான். நாலு துண்டில் ரெண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர். சுருளில் கால் டம்ளருக்குக் குறையாது. பொடியாக நறுக்கியதில் அதற்கும் மேல். உப்பை உதறிவிட்டுத் தராசில் வைத்தார். முழுக்காய் இருநூற்று முப்பத்தெட்டு. நாலு துண்டு இருநூற்றுப் பதினைந்து. சுருள் நூற்று எண்பது. பொடி நூற்று அறுபத்தைந்து. ஒரே காய், ஒரே உப்பு, ஒரே ராத்திரி. வெட்டு மட்டும்தான் வேறு.

"இதுக்குப் பேரே இருக்குதுங்க," என்றாள் பிரபா. "சவ்வூடு பரவல். நர்ஸிங் மொத வருஷம் படிச்சது. காய்க்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறையா இருக்கும். ஒவ்வொண்ணச் சுத்தியும் ஒரு சவ்வு. வெளிய உப்பு அதிகமா இருந்தா, உள்ள இருக்கிற தண்ணி சவ்வத் தாண்டி அந்தப் பக்கம் வந்துரும். ஆனா உப்பு தொட்டாதான வரும்? முழுக்காய்ல உப்பு தோலத்தான் பாக்குது. தோலும் மெழுகு. வெட்டுனா சதை உப்பப் பாக்கும். எவ்ளோ பரப்பு தொறந்து கெடக்குதோ, அவ்ளோ வேகமா தண்ணி எறங்கும்."

"இத நேத்தே சொல்றதுக்கு என்னா?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டார். அது அவருக்கே தெரியும்.

"அப்ப பொடியா நறுக்குனதுதான ஜெயிச்சிது? அப்படியே எல்லாத்தையும் நறுக்கிட்டா மூணே நாளு."

"ஒண்ணு தின்னு பாருங்க."

தின்றார். ஊறிய தோல் செருப்பு மாதிரி இருந்தது. உப்பு மூளை வரைக்கும் ஏறியது. நார்த்தங்காய் என்று சொல்ல உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. சுருளிலிருந்து வளையம் போலிருந்த ஒரு கண்ணியைக் கிள்ளி வாயில் போட்டார். உப்பு நடுவரைக்கும் போயிருந்தது, ஆனால் கடித்தால் காய் இன்னும் காயாகவே இருந்தது. எவ்வளவு திறக்க வேண்டுமோ அவ்வளவு திறந்து, ஒன்றை ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற வெட்டு. யார் கண்டுபிடித்தார்களோ, பொம்மைக்கு உள்ளே காலி விடக் கண்டுபிடித்தவனுக்குக் கொஞ்சமும் குறையாத மூளைக்காரர். விருத்தகிரி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். அக்காவிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. ஆதிலட்சுமி கத்தியோடு வந்தாள். வரும்போது சிரித்துக்கொண்டே வந்தாள்.

அவள் கொண்டுவந்த கத்திக்கு அவசியமிருக்கவில்லை. அச்சு ஓரத்தில் வரும் பிசிறைச் சீவுவதற்கென்று வைத்திருக்கும் மெல்லிய கத்தியில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்திருந்தார் விருத்தகிரி. முதல் காய் பாதியில் அறுந்தது. ரெண்டாவதும் அறுந்தது. மூன்றாவதிலிருந்து கை பிடித்துக்கொண்டது. காயை இடது கையில் சுற்ற, கத்தி அசையாமல் நிற்க, மேலிருந்து அடிவரை ஒரே கனத்தில், சுண்டுவிரல் அளவுக்குக் கூடாமல் குறையாமல் சுருள் இறங்கியது. பிடித்து இழுத்தால் நீண்டது, விட்டால் காயாக மூடிக்கொண்டது. ஆதிலட்சுமி ஒன்றை எடுத்துத் தூக்கிப் பார்த்தாள்.

"எனக்கே இவ்ளோ சமமா வராதுடா," என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து எத்தனையோ வருஷமாயிற்று. விருத்தகிரி கேட்காத மாதிரி அடுத்த காயை எடுத்தார். முகம் மட்டும் பூரித்துப்போயிருந்தது.

சோதனைக்கு நாலு, அறுந்தது ரெண்டு போக, சரியாக இருபத்து நாலு. சுருளுக்குள் உப்பும் மஞ்சளும் அடைத்து ஜாடியில் போட்டார். இந்தத் தடவை தினம் திறந்து பார்த்தார், தினம் குலுக்கினார். மூன்றாம் நாள் காய்களே தெரியாத அளவுக்குத் தண்ணீர் விட்டிருந்தது. நாலாம் நாளிலிருந்து மாடியில் வெயில். காலையில் எடுத்துத் தாம்பாளத்தில் பரப்புவது, பொழுது சாய்ந்ததும் மறுபடி அந்த உப்புத் தண்ணீரிலேயே போடுவது, மறுநாள் மறுபடி வெயில். பங்குனி வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்? மத்தியானச் சாப்பாட்டுக்குக் கம்பெனியிலிருந்து வண்டியில் வந்து மாடியேறி ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டுவிட்டுப் போவார். நடுவில் ஒருநாள் மேகம் மூட்டியது. அன்றைக்கு அவர் மாடியைவிட்டு இறங்கவே இல்லை, கம்பெனிக்கு லீவு. நாலு நாளில் பச்சை பழுப்பானது. ஒரு வாரத்தில் ஜாடியிலிருந்த தண்ணீர் முழுக்கக் காய்க்குள்ளேயே போய்விட்டது. சுருள்கள் சுருங்கி, மேலே உப்புப் பூத்து, கையில் எடுத்தால் காய்ந்த கொடி மாதிரி லேசாக இருந்தன. பெட்டிக்குள் எங்கே போட்டாலும் ஒரு பொட்டுக் கறை படாது.

வேலை முடிய முடிய விருத்தகிரிக்குச் சந்தோஷம் ஒருபக்கம், ஏக்கம் ஒருபக்கம். காய் எவ்வளவு நன்றாக வருகிறதோ, அவ்வளவு நிம்மதியாக அவள் ரெண்டு வருஷம் அங்கே இருந்துவிடுவாள். அப்படித்தானே கணக்கு? போகாதே என்ற வார்த்தை தினமும் நாக்கு வரைக்கும் வந்தது. தினமும் அதை விழுங்கிக்கொண்டு மாடிக்கு ஏறிப் போனார்.

பதினாலாம் நாள் சாயங்காலம் பிரபா பெட்டி அடுக்கினாள். விருத்தகிரி இருபத்து நாலையும் துணியில் சுற்றி, உறையில் போட்டு, காற்றுப் போகாமல் கட்டிக்கொண்டுவந்து நீட்டினார்.

"மாசத்துக்கு ஒண்ணு. ஒரு நாளைக்கு ஒரு கண்ணி கிள்ளி எடுத்தா போதும். மழை பேஞ்சாலும் ஒண்ணும் ஆவாது. எத்தினி வருஷம் வேணாலும் கெடக்கும். எங்கிட்ட கேளு, நான் சொல்றேன்."

பிரபா கட்டை அவிழ்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்து ஆறு எண்ணினாள். அந்த ஆறை மட்டும் துணிமணிகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, மீதியை உறையோடு அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

விருத்தகிரிக்கு முகம் விழுந்துவிட்டது. "ஏன்? நல்லா வரலியா? தின்னு பாத்தியே?"

"நல்லாத்தான் வந்திருக்குது. ஆறு போதும்."

"ஆறு எப்படிப் போதும்? ரெண்டு வருஷம்..."

"ரெண்டு வருஷம் இல்லீங்க. நேத்துதான் பதில் போட்டேன். ஆறு மாசம் மட்டும் இருந்து வேலைய ஒப்படைச்சிட்டு வந்துடறேன்னு எழுதிட்டேன். தீபாவளிக்கு இங்கதான். அதுக்கப்பறம் இங்கியே எதாவது ஆஸ்பத்திரில பாத்துக்கலாம்." பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பதினாலு நாளா எங்கிட்ட சொல்ல வேண்டியத நார்த்தங்காகிட்டயே சொல்லிக்கினு இருந்தீங்க. எனக்குக் கேக்காதுன்னு நெனச்சீங்களா?"

சுண்டிப் பார்த்து உள்ளே ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுகிற மனுஷருக்கே கண் நிறைந்துவிட்டது. அதை அவள் பார்த்துவிடப் போகிறாளே என்று பெட்டிக்குள் குனிந்தார். துணிகளை விலக்கி ஆறையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு அதிலிருந்து ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்:

"அஞ்சு போதாதா?"